சைபருக்கு முன்னால் கொஞ்சம் இடம்

1

பலகையில் அந்தத் தொகை எழுதப்பட்ட நான்காவது நிமிடம், சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது.

விழுந்தது என்று சமையல் மாஸ்டர் சொன்னார். வீசப்பட்டது என்று பாத்திரம் கழுவும் பெண்கள் சொன்னார்கள். எதுவானாலும் அது முழங்கை நீளக் கரண்டி. சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டது.

"எவ்வளவு? இன்னொரு தடவை படி!" மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு லட்சத்து இருபத்தஞ்சாயிரம்" என்று படித்தாள் சலவை அக்கா, தோளில் ஈரத் துண்டுகளோடு.

"வருஷத்துக்கா இருக்கும். நல்லாப் பாரு."

"மாசச் சம்பளம்னுதான் மாஸ்டர் தலைப்புல போட்டிருக்கு. நீங்களும் நானும் அந்தத் தலைப்புக்குக் கீழதானே எழுதறோம்?"

மாஸ்டர் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தார். அவருடைய வரியில் இருபத்தாறாயிரம். சலவை அக்காவின் வரியில் பதினாலாயிரம்; பலகையிலேயே குறைந்த தொகை அதுதான்.

பெரிய மருத்துவமனைக்கு எதிர்ச் சாரியில் நிற்கிறது அந்த நாலு மாடிக் கட்டிடம். பிரார்த்தனை மண்டபத்தாரின் அறக்கட்டளை நடத்தும் இலவச விடுதி. வெளியூரிலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு எண்பத்து நாலு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, துவைத்த போர்வை. மண்டபத்தில் கும்பிட வருகிறவர்கள் உண்டியலில் போடுகிற காசில் நடக்கிறது. அந்தக் காசு எங்கே போகிறது என்று போட்டவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, விடுதியைத் தொடங்கியவர்கள் ஒரு பழக்கத்தை வைத்துவிட்டுப் போனார்கள். முதல் மாடியில், சாப்பாட்டுக் கூடத்து வாசலில், ஆளுயரக் கரும்பலகை. சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் மாதத்தின் முதல் தேதி காலையில் தம் தொகையைத் தம் கையால், எல்லார் முன்னாலும் எழுத வேண்டும். வேலை நிரந்தரமாகும் வரை, முதல் மூன்று மாதம், யாருக்கும் பலகையில் வரி கிடையாது.

விடுதியின் புது இயக்குநருக்கு அன்று நான்காவது மாதம் பிறந்தது.

அவளுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருபத்திரண்டு வருடம் இருந்தவரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். பெரியவரின் வரியில் எப்போதும் ஒரே எண். 0. விடுதியில் தங்கியிருந்த ஒரு பெயிண்டர், மனைவி பிழைத்த சந்தோஷத்தில், இது அழியவே கூடாது என்று அந்த சைபரை வெள்ளை ஆயில் பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார். பெரியவர் ஓய்வு பெற்றார், சைபர் பெறவில்லை. வரியின் வலது ஓரத்தில், தட்டு மாதிரி உருண்டையாக, அங்கேயே இருந்தது.

அதற்கு அடுத்த வரியில்தான் இவள் எழுதினாள். 2,25,000. சாக்பீஸ் ஒரு முறை கீச்சென்றது.

கூடத்தில் இருந்த யாரோ போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்தப் படம் பிரார்த்தனை மண்டபத்து ஆட்கள் அத்தனை பேர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. மாலைக்குள் அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் வந்துவிட்டது.

ரெண்டேகால்.

2

மறுநாள் காலை முதலில் ஓடி வந்தவர் அறக்கட்டளைத் தலைவர். ஊரில் பெரிய இரும்புக் கடை அவருடையது; கம்பி, ஆணி, தகரம் எல்லாம் மொத்த வியாபாரம். அவளைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தவரும் அவர்தான்.

"ஏம்மா, கொஞ்சம் மெதுவா எழுதியிருக்கக் கூடாதா?"

"மெதுவா எழுதினா தொகை குறையுமா சார்?"

"குறையாது. சின்னதாவாவது எழுதியிருக்கலாம்."

"எல்லாரும் படிக்கணும்னுதானே பலகை?"

தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. தட்டியவர் உள்ளே வந்து உட்கார்ந்தே விட்டார். வக்கீல். அறக்கட்டளையின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவர். கையில் மடிக்காத ஒரு காகிதம்.

"நாப்பத்தோரு கையெழுத்து" என்றார். "இயக்குநருக்கு சம்பளம் கூடாது. மாசம் ஐயாயிரம் கௌரவத் தொகை. சனிக்கிழமை காலையில பத்து மணிக்குப் பொதுக்கூட்டம். பலகைக்கு முன்னாடியே வச்சுக்கலாம்."

"நான் வந்தப்போ நீங்களும்தானே சார் சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டீங்க?" என்றாள் அவள்.

"ஒத்துக்கிட்டேன். காகிதத்துல பார்த்தப்போ அது ஒரு எண். பலகையில பார்த்தப்போ அது உண்டியல் காசு." வக்கீல் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம். "நம்ம மண்டபத்துக்கு ஒரு பஸ் கண்டக்டர் வர்றார். சம்பளத்துல பத்துல ஒரு பங்க மாசா மாசம் உண்டியல்ல போடறார். நோயாளிக்கு ஒரு வேளைச் சாப்பாடுன்னு நினைச்சுப் போடறார். உங்க சம்பளம்னு நினைச்சுப் போடல. அவர் முகத்த நான் எப்படிப் பார்க்கறது?"

அவளுக்குச் சுருக்கென்றது.

சரியான பதில் மத்தியானம் சாப்பிடும்போது தோன்றியது. அந்தக் கண்டக்டரையும் சம்பளம் இல்லாமல் டிக்கெட் கிழிக்கச் சொல்வீர்களா என்று கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் வக்கீல் கோர்ட்டுக்குப் போய்விட்டிருந்தார். நல்ல பதில்கள் எப்போதும் சாப்பாட்டு நேரத்தில்தான் வருகின்றன என்று எரிச்சலாக இருந்தது.

3

அன்று மாலை வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே போன்.

"என்ன மேடம், பலகையில ஏத்திட்டாங்களாமே உங்கள?" பழைய முதலாளி. நட்சத்திர ஹோட்டல்காரர். பதினெட்டு வருடம் அவரிடம் வேலை பார்த்து, நிர்வாகத் தலைவியாக உயர்ந்து, மூன்று லட்சத்தில் இருந்தபோது விட்டுவிட்டு வந்தாள். "உங்க நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும். அதுக்கப்புறம் இன்னொருத்தருக்கு ஆர்டர் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் போனை வைத்தாள். கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் வேலை செய்த அச்சகம் மூடிப்போய் ஒன்றரை வருடம். அன்றிலிருந்து வீட்டுச் சமையல் அவர் பொறுப்பு. அச்சு இயந்திரத்தில் மை ஊற்றிய நிதானத்தோடு எண்ணெய் ஊற்றுவார்.

"ஐயாயிரமாம்" என்றாள். "கௌரவத் தொகையாம்."

"நல்லதாப் போச்சு. கரண்ட் பில் கட்ற ஆபீஸ்ல கௌரவத்த வாங்கிப்பாங்களான்னு கேட்டுப் பாரு."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இருவரும் மேஜை மேல் இருந்த உறைகளைப் பார்த்தார்கள். வீட்டுக் கடன் ஒன்று. இரண்டு மகள்களின் கல்லூரிக் கட்டணம் இரண்டு. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

"ஹோட்டலுக்கே போயிடேன்" என்றார் கணவர், மெதுவாக. "மூணு லட்சம். வெள்ளைத் துண்டு, குளிரூட்டின அறை. உன்ன யாரும் பலகையில எழுதச் சொல்ல மாட்டாங்க."

"லிஃப்ட் இருக்கே" என்றாள்.

அவருக்குத் தெரியும் அந்தக் கதை. எட்டு மாதத்துக்கு முன்பு, ஆபரேஷன் செய்துகொண்ட ஹோட்டல் ஊழியர் ஒருவரைப் பார்க்க அந்த விடுதிக்குப் போனாள். லிஃப்ட் கதவில் 'பழுது, விரைவில் சரிசெய்யப்படும்' என்று ஓர் அட்டை. அட்டையின் மூலையில் தேதி. மூன்று வருடம் பழசு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆள், காலில் கட்டுப் போட்ட மனைவியை முதுகில் சுமந்து மூன்றாவது மாடிக்கு ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

ஓடாத லிஃப்டைப் பார்த்தால் சிலருக்கு எரிச்சல் வரும். அவளுக்குத் தூக்கம் போய்விடும்.

வேலையில் சேர்ந்த ஒன்பதாவது நாள் அதை ஓடவிட்டாள். பழுதான பாகம் உள்ளங்கை அளவு. லிஃப்ட் கம்பெனிக்காரர் சொன்னார்: "புகாரே வரலீங்களே மேடம். மூணு வருஷமா ஒரு போன்கூட இல்ல."

ஏன் இல்லை என்று மாஸ்டரைக் கேட்டாள். மாஸ்டர் கோபப்பட்டார். "சம்பளமே வாங்காம உழைக்கற மனுஷர்கிட்டப் போய் லிஃப்ட் ஓடலன்னு எப்படி மேடம் கேக்கறது? நாக்கு வருமா?"

4

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. அவள் ஒரு தையல் கடை வாசலில் நின்றாள்.

விடுதிக்கு நூற்றறுபது தலையணை உறை தேவை. இந்தக் கடையின் விலைதான் குறைவு, தையலும் கெட்டி. நாலு மிஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், சுவர் முழுக்க நர்ஸ் உடைகளும் பள்ளிக்கூட யூனிஃபார்ம்களும். நடுவில், கழுத்தில் அளவு நாடாவோடு, அறுபத்தைந்து வயதுப் பெண்மணி. பெரியவரின் மனைவி.

"வாம்மா. நீதானே அந்த ரெண்டேகால்?"

"பேரு இங்க வரைக்கும் வந்துடுச்சா?"

"பேரென்ன, போட்டோவே வந்துச்சு. எழுத்து அழகா இருக்கு." நாற்காலியில் கிடந்த துணியை ஒதுக்கி இடம் கொடுத்தாள். "உக்காரு. உறைக்கு வாய் மடிப்பா, நாடாவா?"

"மடிப்பு. நாடா சலவையில சிக்கிக்குது." அவள் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கலாமாம்மா? ரெண்டு தெரு தள்ளி இருக்கீங்க. இத்தனை வருஷத்துல விடுதிக்கு ஒரு உறைகூட நீங்க தைச்சதா கணக்குல இல்லையே?"

"அவர் பதவியில இருக்கும்போது அவர் பொண்டாட்டி அங்கேருந்து காசு வாங்கினா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கன்னாரு. சரின்னு விட்டுட்டேன். வெளியில தைச்சேன்."

"எத்தனை மணிக்குக் கடை திறப்பீங்க?"

"காலையில ஆறு. இப்போ கொஞ்ச நாளா ஏழு. வயசாகுதுல்ல?"

பதினெட்டு வருடம் ஹோட்டல் நடத்தியவளுக்கு ஓர் இடத்தைப் பார்த்தாலே அதன் வரவும் செலவும் கண்ணில் படும். பெரியவர் வீட்டு வாடகை. மூன்று பிள்ளைகள் படித்து வெளியூர் போனது. பெரியவரின் இதய ஆபரேஷன். மண்டபத்தில் எல்லாருமே சொல்வார்கள்: கடவுள் பார்த்துக்கொண்டார். பெரியவரும் மேடையில் அதையேதான் சொல்வார். அந்த அம்மா பொழுதுபோகத் தைக்கிறார் என்பார்கள்.

"அப்போ வீடு?" என்று கேட்டாள்.

"ஓடிச்சு."

"எதுலம்மா ஓடிச்சு?"

அந்த அம்மா மிதியை அழுத்தினாள். மிஷின் ஓடியது. அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

விஷயம் புரிந்தது. நாளைக் கூட்டத்தில் இதை எடுத்துப் போட்டால் வக்கீலின் காகிதம் கிழிந்துவிடும். அது அவளுக்கும் தெரிந்தது, அந்த அம்மாவுக்கும் தெரிந்தது. எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"அம்மா, நாளைக்கு நான் இதப் பத்தி வாயத் திறக்க மாட்டேன். அது உங்க வீட்டு விஷயம்."

"நான் கேக்கவே இல்லையே?"

"நானாத்தான் சொல்றேன். அவர இழுத்துப் போட்டு நான் உக்கார வேண்டாம்."

அந்த அம்மா அவளைக் கண்ணாடிக்கு மேலாக, அளவெடுப்பதுபோல் ஒரு தரம் பார்த்தாள். "உறைய நாளைக்குப் பத்தரைக்கு நானே கொண்டு வந்து தரேன். லிஃப்ட் ஓடுதில்ல?"

5

சனிக்கிழமை பத்து மணி. சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சுகள் நிறைந்து, பின்னால் நின்றார்கள். முன் மேஜையில் ஐந்து பேர்: தலைவர், வக்கீல், ஒரு பல் டாக்டர், துணிக்கடை அண்ணன், துணிக்கடை தம்பி. அண்ணனும் தம்பியும் எந்தத் தீர்மானத்திலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் கை தூக்குவார்கள்; யார் முதலில் என்பதில்தான் எப்போதும் தாமதம். முன் பெஞ்சில் பெரியவர், தேய்த்த வெள்ளைச் சட்டையில். அவருக்குப் பின்னால் பலகை.

சின்னதாக ஒரு பிரார்த்தனை. பிறகு தலைவர் அவளைப் பேசச் சொன்னார்.

"ஹோட்டல்ல மூணு லட்சம் வாங்கினேன்" என்று ஆரம்பித்தாள். "இங்க ரெண்டேகால் கேட்டேன். இதுக்குக் கீழ கேட்டிருந்தா வந்த மூணாவது மாசமே வேற வேலை தேடியிருப்பேன். ஐயாயிரத்துல என் வீடு ஓடாது. ஓடும்னு பொய் சொல்லி உக்காரவும் மாட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க, கோபமில்லாமப் போயிடறேன்."

"நாங்க இருபத்தாறாயிரத்துல வீடு ஓட்டறோமே மேடம்" என்று எழுந்தார் மாஸ்டர். "உங்க வீடு மட்டும் என்ன, விமான பெட்ரோல்லயா ஓடுது?"

கூடம் கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"ரெண்டு காலேஜ்ல ஓடுது மாஸ்டர். அதுவும் அதிக விலைதான்."

வக்கீல் எழுந்தார். சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். கோர்ட்டுப் பழக்கம்.

"நான் இவங்க திறமையப் பத்திப் பேசல. லிஃப்ட் ஓடுது, சந்தோஷம். ஆனா இது ஹோட்டல் இல்ல. கடவுள் பேரச் சொல்லி வாங்கின காசு." கையை நீட்டிப் பலகையைக் காட்டினார். "அந்த சைபரப் பாருங்க. இருபத்திரண்டு வருஷம். ஒரு காசு தொடல. அவர் வாழலையா? பிள்ளைங்களப் படிக்க வைக்கலையா? காத்தையா சாப்பிட்டாரு? இல்ல! கடவுள் பார்த்துக்கிட்டாரு!"

டிங் என்று ஒரு மணி. கூடத்துக்கு எதிரே லிஃப்ட் கதவு திறந்தது. பெரிய துணி மூட்டையோடு பெரியவரின் மனைவி வெளியே வந்தாள்.

"பார்த்துக்கிட்டாரு. இல்லங்கல" என்றாள், மூட்டையை இறக்கியபடி. "வாடகைய நான் கட்டினேன்."

எண்பது தலைகள் திரும்பின.

பெரியவர் பாதி எழுந்தார். "என்னம்மா இது, எல்லார் முன்னாடியும்..."

"எல்லார் முன்னாடியும் எழுதத்தானே இந்தப் பலகை?" என்றவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "இதுல காசு வாங்கறவங்க எழுதணும்னு சட்டம். கொடுக்கறவங்க எழுதக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா?"

தலைவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேலே பார்த்தார். "அப்படி ஒண்ணும் இல்ல" என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவள் பலகைக்குப் போனாள். சலவை அக்காவின் தோளிலிருந்து ஒரு துண்டை உருவி அந்த சைபரைத் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். ஆயில் பெயிண்ட் பளபளவென்று இன்னும் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம். கூடத்தில் ஒருவர் தும்மினார்.

தலையைச் சாய்த்து வரியைப் பார்த்தாள். சைபருக்கு முன்னால் நிறைய இடம் இருந்தது. இடுப்புப் பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்தாள், நீல நிறம், தட்டையானது. துணியில் வெட்டுக் கோடு போடுவதுபோல் ஒரே இழுப்பில் எழுதினாள்.

38,00

அதன் பக்கத்திலேயே பெயிண்டரின் சைபர். முப்பத்தெட்டாயிரம். முன்னால் நாலு எண் நீலம், கடைசி சைபர் வெள்ளை.

"மாசத்துக்கு. முதல்ல கம்மி, கடைசியில அதிகம், நான் சராசரி போட்டிருக்கேன். இருபத்திரண்டு வருஷம் உங்க இயக்குநருக்கு நான் சம்பளம் கொடுத்திருக்கேன். ஒரு ரசீதுகூடப் போடலையே நீங்க?"

எல்லாருடைய கண்ணும் பெரியவர் மேல். அவர் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகைக்கு மிக அருகில் போய் அந்த எண்ணைப் படித்தார். நீண்ட நேரம் படித்தார்.

"கணக்கு தப்பு" என்றார்.

கூடம் மூச்சைப் பிடித்தது.

"என் மாத்திரைச் செலவ விட்டுட்டே."

சிரித்தது முதலில் அந்த அம்மாதான். பிறகு கூடமே.

பெரியவர் சிரிப்பு ஓயும்வரை நின்றார். அவர் கண் ஈரமாக இருந்தது. "லிஃப்ட் மூணு வருஷம் ஓடல. ஒருத்தரும் என்கிட்ட வந்து கேக்கல. என் மேல எவ்வளவு மரியாதைன்னு நினைச்சுக்கிட்டேன். மூட்டுவலின்னு நான் மேல் மாடிப் பக்கமே போறதில்ல, அதனால ஏறினவங்க கஷ்டம் தெரியல. ஜனங்க பொண்டாட்டியச் சுமந்துக்கிட்டு ஏறியிருக்காங்க." புது இயக்குநரைப் பார்த்தார். "உன்னப் போட்டு எல்லாரும் கேள்வி கேக்கறாங்கல்ல? எனக்குப் பொறாமையா இருக்கு."

வக்கீல் விட்டுக்கொடுக்கவில்லை. "சரிம்மா. அப்போ ரெண்டேகால் நியாயம்கறீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். முப்பத்தெட்டுக்கும் ரெண்டேகாலுக்கும் நடுவுல ரொம்பத் தூரம். ஆனா சும்மா வேலை செஞ்சார்னு சொல்லாதீங்க, அவ்வளவுதான். உறை நூத்தறுபது. எண்ணிக்குங்க."

"அதிகம்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சலவை அக்கா. துண்டைத் திரும்ப வாங்கி முறுக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு வயிறு எரியுது, மறைச்சு என்ன ஆகப்போகுது? என் சம்பளத்த மாதிரி பதினாறு மடங்கு வாங்கறாங்க. மாஸ்டர் போன்ல போட்டுப் பார்த்துட்டாரு."

மாஸ்டர் போனைப் பாக்கெட்டில் ஒளித்தார்.

"ஆனா இவங்களக் குறைச்சா எனக்கு ஒரு பைசா ஏறுமா? ஏறாது. அதனால இவங்களக் குறைக்காதீங்க. எங்களத் தூக்குங்க. கடைசிச் சம்பளத்துக்குப் பத்து மடங்குக்கு மேல முதல் சம்பளம் போகக் கூடாது."

"பத்து கட்டாது" என்றார் தலைவர். இரும்புக் கடைக்காரர் விழித்துக்கொண்டுவிட்டார். "பதினாலு."

"பதினொண்ணு."

"பன்னிரண்டு. முடிச்சிடுவோம்மா, நீயும் தெரிஞ்ச ஆளு."

"பன்னிரண்டு" என்றாள் அக்கா.

இப்போது எல்லாரும் புது இயக்குநரைப் பார்த்தார்கள். பன்னிரண்டு மடங்கு. அக்காவின் சம்பளம் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பதுக்கு ஏறினால் இவளுடையது அப்படியே நிற்கும். ஏறாவிட்டால் ஒன்று அறுபத்தெட்டு. வீட்டு மேஜையின் மூன்று உறைகளும் கண் முன்னால் வந்து நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டால் ஒன்று அறுபத்தெட்டில் வண்டி ஓடும். சிரித்துக்கொண்டு ஓடாது.

"ஆறு மாசம் கொடுங்க" என்றாள். "லிஃப்ட் இல்லாததால நாலாவது மாடி மூணு வருஷமாப் பூட்டிக் கிடக்கு. பன்னிரண்டு அறை. வசதி உள்ளவங்களும் மருத்துவமனைக்கு வர்றாங்க, லாட்ஜ்ல போய்க் கொட்டிக் கொடுக்கறாங்க. அந்த ஒரு மாடிய மட்டும் வாடகைக்கு விட்டுக் காட்டறேன். கீழ மூணு மாடியும் இலவசம்தான், அதுல கை வைக்க மாட்டேன். ஆறு மாசத்துல அக்கா சம்பளம் ஏறலன்னா, ஏழாவது மாசம் முதல் தேதி என் கையாலயே ஒண்ணு அறுபத்தெட்டுன்னு எழுதறேன்."

"எழுதும்போது நான் பக்கத்துல நிப்பேன்" என்றார் மாஸ்டர்.

"நில்லுங்க. கண்ணாடியோட வாங்க."

வாக்கெடுப்பு. வக்கீல் எதிர்த்தார். "அந்தக் கண்டக்டருக்காக" என்றார். அதில் நடிப்பு இல்லை. பல் டாக்டர் எந்தப் பக்கமும் போகவில்லை, ஒரு நோயாளி காத்திருப்பதாகச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் கை தூக்கினார். துணிக்கடை அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். கூடமே அந்த இருவரையும் பார்த்தது. கடைசியில் பெரியவரின் மனைவி, "துணிய அளக்கவா, கிழிக்கவா? சீக்கிரம்!" என்று அதட்ட, இரண்டு கைகளும் ஒன்றாக மேலே போயின.

மூன்றுக்கு ஒன்று.

6

மணி பதினொன்று ஐம்பத்து நாலு.

அவள் தன் அறையில் தனியாக உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தாள். வேலை தங்கியது. ஆனால் ஏழாவது மாதத்தில் தொகை தங்குமா என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. ஹோட்டலில் அந்தக் கவலை இல்லை. மூன்று லட்சம், வெள்ளைத் துண்டு. இன்னும் ஆறு நிமிடம்.

எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது.

அப்போதுதான் கேட்டது. முதலில் டொக் டொக் என்று தகரத்தைத் தட்டும் ஓசை. பிறகு, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் எங்கிருந்தோ, ஒரு கனமான குரல்.

"யாரங்கே? லிஃப்ட் நின்னு போச்சு! நாப்பது பேர் சாப்பாட்டு வண்டியோட உள்ள நிக்கறேன்! எங்க அந்த ரெண்டேகால்?"

மாஸ்டர்.

"ரெண்டேகால் லட்சம் வாங்கத் தெரியுதில்ல? ஒரு லிஃப்ட் ஒழுங்கா ஓட வேணாமா? மேல பத்தியக்காரங்க பசியோட இருக்காங்க! இது என்ன நிர்வாகம்?"

மூன்று வருடம் அந்தக் கதவில் தொங்கிய அட்டையை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. இது நின்று இன்னும் மூன்று நிமிடம் ஆகவில்லை.

"ஹலோ, மேடம்?" என்றார் பழைய முதலாளி போனில். "என்ன முடிவு பண்ணீங்க?"

"நாற்காலிய இன்னொருத்தருக்குக் கொடுத்துடுங்க சார்" என்றாள் அவள், மேஜை இழுப்பறையில் லிஃப்ட் சாவியைத் துழாவியபடி. "மன்னிச்சுக்குங்க, அப்புறம் பேசறேன். இங்க ஒருத்தர் என்னத் திட்டறாரு."

சாவி கிடைத்தது. செருப்பைக்கூட மாட்டாமல் படிகளில் ஓடினாள்.

"வந்துட்டேன் மாஸ்டர்!"

"மெதுவா வாங்க, விழுந்து தொலைக்காதீங்க!" என்றது லிஃப்டுக்குள்ளிருந்து குரல். "மாத்தி இன்னொருத்தரப் போட்டா அவங்க மூணு லட்சம் கேப்பாங்க!"